ஆட்டோமேட்டிக் வண்டியும் அப்பாவின் இடது காலும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுக்கு வந்தா தூக்கம் ஜாஸ்தி. நடுவுல ஒரு பழைய கார் வாங்கினேன். அதுல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு கொல்லிமலை போனேன். இறங்கும்போது மூணு பேரும் மேலோகம் போயிருக்க வேண்டியது, நூலிழையில தப்பிச்சோம். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: கொஞ்சம் வண்டி, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் எங்கப்பா. கியர்னாலே அலர்ஜி உள்ளவங்க நடுவுல வர்ற கணக்கைத் தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா ஆட்டோமேட்டிக் வண்டியை வெச்சுக்கிட்டு மலைக்குப் போற ஆசை இருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கறது பெங்களூர்ல பொட்டி தட்டி. காலேஜ்ல எபிசைக்ளிக் கியர் ட்ரெயின்னு ஒரு பாடம் வந்துச்சு. நடுவுல ஒரு சூரியன், சுத்தி நாலு கிரகம், வெளியில ஒரு வளையம். அட்டவணை போட்டு, பல் எண்ணிக்கையைப் போட்டு, பதினாறு மார்க்கை வாங்கிட்டு அத்தோட மறந்தாச்சு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள இருக்கறது அதேதான்னு பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரிகூட எனக்குத் தோணல.

அப்பா ஊர் நாமக்கல் பக்கம். லாரிக்குப் பேர் போன ஊரு. முப்பது வருசத்துக்கு மேல லாரி ஓட்டினவர். நாலஞ்சு வருசமா ஓட்டறதில்லை. இடது முட்டி தேஞ்சு போச்சு. பழைய லாரி கிளட்ச் எவ்வளவு கனம்னு மிதிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மிதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்? "இனிமே கிளட்ச் மிதிக்காதீங்க"ன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு அவர் ராத்திரி சாப்பிடல.

அதனாலதான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். நான் ஊருக்கு வர்றப்போ அவரும் ஓட்டலாமேன்னு ஒரு ஆசை. செகண்ட் ஹேண்ட், பெட்ரோல், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. தப்பு வண்டி மேல இல்லை, முழுக்க என் மேல.

வண்டியைப் பார்த்துட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏன் கண்ணு, இதுல கியரை யாரு மாத்துவா?"

"தானா மாத்திக்கும்ங்ப்பா."

"இறக்கத்துல?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்ங்ப்பா. உங்க லாரிக் காலம் மாதிரி இல்லீங்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி இதுக்கு வட்டியோட பல்பு வாங்கினேன்.

இப்போ ஒரு சின்ன கொசுவத்தி சுருள்.

2007 கோடை லீவு. எனக்குப் பத்து வயசு. அப்பாகூட பெங்களூர் வரைக்கும் லாரியில போயிட்டு வந்தேன். இஞ்சின் மேல இருக்கற மூடி சூடா இருக்கும், அது மேல சாக்கு விரிச்சு உக்கார வெச்சிருந்தார். திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்துல எத்தனை லாரி கவுந்திருக்குன்னு சேலம், தர்மபுரிக்காரங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அப்பா வேகத்தைக் குறைச்சார். அப்புறம் கால் ரெண்டும் ஒரு டான்ஸ் ஆடுச்சு. கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்ச்சை விடு, ஆக்சிலேட்டர்ல ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதி, கீழ் கியர், விடு. நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். நடுவுல அந்த ஒரு தட்டுக்கு இஞ்சின் "ம்ம்ம்"னு ஒரு உறுமல் உறுமும். அப்புறம் கியர் வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி எறங்கும்.

எங்களைத் தாண்டி ரெண்டு மூணு லாரி சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போச்சு. "ஏங்ப்பா, நம்ம வண்டி மட்டும் ஏன் கத்துது?"ன்னு கேட்டேன்.

"அவன் நியூட்ரல்ல விடறான் கண்ணு. டீசல் மிச்சம் புடிக்கறான். நம்ம வண்டி கத்துனா நாம வூட்டுக்குப் போறம்னு அர்த்தம்."

அப்பா கூட ஓட்டின ஒருத்தர் அந்த இறக்கத்துலதான் போய்ச் சேர்ந்தார்னு ரொம்ப வருசம் கழிச்சு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கால் டான்ஸுக்குப் பேர் டபுள் கிளட்ச். அந்த ஒரு தட்டு இருக்கே, அதுதான் ரெவ் மேட்சிங். அது எதுக்குன்னு ஒரு சின்ன கணக்கு பார்த்துடலாம்.

வண்டி மூணாவது கியர்ல 40 கி.மீ. வேகத்துல போகுது, இஞ்சின் 2000 ஆர்பிஎம்ல சுத்துதுன்னு வெச்சுக்குவோம். மூணாவது கியர் விகிதம் 1.6, ரெண்டாவது 2.5. அதே 40 கி.மீ. வேகத்துல ரெண்டாவது கியர் போட்டா இஞ்சின் எவ்வளவு சுத்தணும்? 2000-ஐ 2.5-ஆல் பெருக்கி 1.6-ஆல் வகுங்க. 3125. ஆக, கியர் மாத்தற அந்த அரை நொடிக்குள்ள இஞ்சின் 2000-ல இருந்து 3100-க்கு மேல ஏறியாகணும்.

யாராவது ஏத்தித்தான் ஆகணும். ஒண்ணு, நாம ஆக்சிலேட்டரைத் தட்டி ஏத்தணும். இல்லைன்னா சக்கரம் இஞ்சினைப் புடிச்சு இழுத்து ஏத்தும். சக்கரம் இழுத்தா என்ன ஆகும்? வண்டி மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு குலுங்கு குலுங்கும். கிளட்ச் தேயும். மழை பெஞ்ச வளைவுல இப்படி நடந்தா, ஓடற சக்கரத்துக்கு மட்டும் திடீர்னு பிரேக் போட்ட மாதிரி ஆகி டயர் வழுக்கவும் செய்யும்.

பழைய லாரியில இன்னொரு சிக்கல். கியர் பாக்ஸ் உள்ளேயும் சிங்க்ரோமெஷ் கிடையாது. பல்லும் பல்லும் ஒரே வேகத்துல சுத்தினாத்தான் சேரும், இல்லைன்னா "கர்ர்ர்"தான். அதனாலதான் நியூட்ரல்ல வெச்சு, கிளட்ச்சை விட்டுட்டு ரேஸ் குடுக்கறது. அப்பத்தான் கியர்பாக்ஸ் உள்ள இருக்கற தண்டும் சேர்ந்து வேகம் புடிக்கும். கார்ல இந்த வேலையைக் குறைக்க காடிலாக் கம்பெனி 1928-லேயே சிங்க்ரோமெஷ் கொண்டு வந்துடுச்சு. எங்கப்பா லாரிக்கு அது வந்து சேரல. அவரே சிங்க்ரோமெஷ்ஷா இருந்தார் :-)

கொசுவத்தி முடிஞ்சுது. கொல்லிமலைக்கு வருவோம்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் வேண்டுதல். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம். அங்க இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் எண் போட்ட பலகை.

ஏத்தத்துல வண்டி அசத்திடுச்சு. வளைவுல வேகம் குறையும், திரும்பினதும் ஆக்சிலேட்டரை அழுத்துவேன், சட்டுனு ரெண்டு கியர் எறக்கி இஞ்சின் கத்திக்கிட்டு இழுக்கும். "பாத்தீங்களாப்பா, அதுக்கே தெரியுது"ன்னு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பில்டப்பு. அப்பா ஒண்ணும் சொல்லல. வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தார். இடது கால் மட்டும் மிதியடி மேல அப்பப்போ அழுந்திக்கிட்டு இருந்துச்சு. அங்க பெடலே கிடையாது.

கோயில், சாப்பாடு, அம்மாவுக்கு மிளகு, அப்பாவுக்குத் தேன் எல்லாம் முடிஞ்சு மத்தியானம் மூணு மணிக்கு இறங்க ஆரம்பிச்சோம். கியர் டி-யில. கால் பிரேக்ல.

ஏறும்போது அவ்வளவு புத்திசாலியா இருந்த வண்டி இறங்கும்போது என்ன பண்ணுச்சு தெரியுமா? நான் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். "சரி, தலைவருக்குச் சக்தி வேண்டாம் போல, பெட்ரோல் மிச்சம் பண்ணுவோம்"னு மேல் கியருக்குப் போயிடுச்சு. மேல் கியர்ல இஞ்சினுக்குப் புடிச்சு நிறுத்தற வலு கிடையாது. வண்டி வேகம் எடுக்கும். நான் பிரேக் மிதிப்பேன். வேகம் குறையும். காலை எடுப்பேன், மறுபடி ஓடும். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு... இப்படியே முப்பது வளைவு.

நாப்பதாவது வளைவு தாண்டினப்போ ஒரு வாடை. இஸ்திரிப் பெட்டியில துணி கருகின மாதிரி. "யாரோ கீழ குப்பை எரிக்கறாங்க போல"ன்னு அம்மா சொன்னாங்க. அடுத்த வளைவுல பிரேக் மிதிச்சேன். பெடல் வழக்கத்தைவிட ஆழமா போச்சு. அடுத்ததுல இன்னும் ஆழமா. பஞ்சை மிதிக்கற மாதிரி இருந்துச்சு.

எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. வாயைத் திறக்கல. அம்மா பயந்துடுவாங்களேன்னு ஒரு பக்கம். அப்பா முன்னாடி மானம் போகுமேன்னு இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னா ரெண்டாவதுதான் பெரிய பக்கம்.

"ஓரங்கட்டு கண்ணு"ன்னார் அப்பா. குரலை ஒசத்தல. "முன்னாடி ஒரு எடம் அகலமா தெரியுது பாரு, அங்க. பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி அடி. மலைப் பக்கமா ஒதுக்கு."

நாலஞ்சு தடவை அடிச்சு, மலைச் சுவர் பக்கமா ஒதுக்கி, எப்படியோ நின்னுச்சு. நான் பி-யில போடறதுக்குள்ள, முட்டி வலிக்காரர் கதவைத் திறந்து இறங்கி, ஒரு பெரிய கல்லைத் தூக்கிட்டு வந்து முன் சக்கரத்துக்கு அண்டக் குடுத்துட்டார். முன் சக்கரம் ரெண்டுலயும் லேசாப் புகை. பைக்ல போன ஒருத்தர் நின்னு, "தண்ணி ஊத்துங்ணா, ஆறிடும்"னார். "வேண்டாம் தம்பி, சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும். அதுவா ஆறட்டும்"னு அப்பா அனுப்பி வெச்சார்.

முக்கால் மணி நேரம் அந்தத் தடுப்புச் சுவர் மேல உக்காந்திருந்தோம். அம்மா கந்த சஷ்டி கவசம் ரெண்டு ரவுண்டு முடிச்சாங்க. நான் மெதுவா கேட்டேன்.

"ஏங்ப்பா, மேலயே சொல்லியிருக்கலாமுல்லீங்?"

"எறங்க ஆரம்பிச்சப்பவே சொல்லணும்னுதான் நெனச்சேன். இது லாரி மாதிரி இல்லை, கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு நீ சொன்னே. எனக்குத் தெரியாத வண்டி. தெரியாத வண்டியைப் பத்தி வாயத் தொறந்தா நீ என்ன நெனப்பியோன்னு இருந்துட்டேன்."

அவ்வ்வ்வ். காமெடிக்கு சொல்ற அவ்வ்வ் இல்லைங்க இது.

அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சொல்லல. எனக்குத் தெரியல, கேக்கல. ரெண்டு பேரோட வெட்கத்துக்கு நடுவுல அம்மா பின் சீட்ல மிளகுப் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இதை நெனச்சா இன்னைக்கும் வயித்தைப் புரட்டுது.

கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா கேட்டார்: "இதுல ரெண்டாவது கியர் எங்கடா இருக்குது?"

எம்-னு ஒரு பக்கம் இருந்துச்சு. கூட்டல், கழித்தல் குறி. வண்டி வாங்கி மூணு மாசத்துல ஒரு தடவைகூட தொட்டதில்லை. "இதைத் தள்ளினா நாம சொல்ற கியர்லயே நிக்கும்ங்ப்பா."

"அப்புறம் என்ன? ஏறின கியர்லயே எறங்கு."

பிரேக் நல்லா ஆறி, பெடல் மறுபடி கெட்டியானதை நிறுத்தி வெச்சே நாலு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு, கிளம்பினோம். எம்-ல போட்டு, மூணாவதுல இருந்து கழித்தலை ஒரு தட்டு தட்டினேன். இஞ்சின் "ம்ம்ம்"னு ஒரு உறுமல் உறுமி, அப்புறம் வழுக்கிக்கிட்டு ரெண்டாவதுல உக்காந்துச்சு. குலுங்கல் இல்லை, இடி இல்லை. என் வலது கால் ஆக்சிலேட்டர் பக்கமே போகல.

அப்பா சட்டுனு என் காலைப் பார்த்தார். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தார்.

"நீயா ரேஸ் குடுத்தே?"

"இல்லீங்ப்பா."

"பின்ன, உள்ள இருந்து எவன்டா மிதிக்கறான்?"

அந்த உறுமலை அவர் எங்க இருந்தாலும் அடையாளம் கண்டுபிடிச்சிருவார். முப்பது வருசம் அவர் கால் போட்ட சத்தமாச்சே. ஒரு சின்ன சிரிப்போட, "அடி அடி, இன்னொருக்கா அடி"ன்னார். நானும் உற்சாகத்துல இன்னொரு கழித்தல் தட்டினேன். முதல் கியருக்குப் போக மாட்டேன்னு "டிங்"னு ஒரு சத்தம் போட்டுச்சு வண்டி. "உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்குது"ன்னார். அடிவாரம் வரைக்கும் பிரேக்கை வளைவுக்கு வளைவு ஒரு தொடுதல், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பினதும் பத்து நாள் இதைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன். பதினாறு மார்க் பாடத்தைப் பத்து வருசம் கழிச்சுப் படிக்கறது ஒரு தனி சுகம். எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன்.

உள்ள இருந்து மிதிக்கறது யாரு? இப்போ வர்ற வண்டிகள்ல ஆக்சிலேட்டர் பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கேபிள் கிடையாது. நாம மிதிக்கறது ஒரு சென்சாரை. காத்து போற வழியைத் திறக்கறது ஒரு சின்ன மோட்டார். அதனால கம்ப்யூட்டர் நெனச்சா நாம மிதிக்காமலே திறக்கலாம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு வெளித் தண்டு எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு தெரியும். புது கியரோட விகிதத்தால அதைப் பெருக்கினா, உள்தண்டு எந்த வேகத்துக்கு வரணும்னு கிடைச்சிடும். மேல நாம போட்ட அதே கணக்கு. பழைய கியரைப் புடிச்சிருக்கற கிளட்ச்சை தளர்த்தி, இஞ்சினுக்கு "ஒரு தட்டு குடு"ன்னு சொல்லி, வேகம் பொருந்தற நேரத்துல புது கிளட்ச்சை இறுக்குது. நாம மனசாற "கழித்தல்" போடும்போது இது நடக்குது.

ஏத்தத்துல நடக்கறது வேற. அங்க கால் ஏற்கனவே ஆக்சிலேட்டர்ல இருக்கு. பழைய கிளட்ச்சை விட்டாலே போதும், இஞ்சின் தானே துள்ளி மேல போயிடும். சரியான வேகம் வந்ததும் புதுசைப் புடிச்சுக்கலாம். அதனாலதான் ஏத்தத்துல கியர் இறக்கறது கியர்பாக்ஸுக்கு சுலபம். கால் எடுத்த நேரத்துல இறக்கறதுதான் வித்தை.

டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு ஒரு சலுகை உண்டு. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய்தான் இருக்கு, வேகம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் எண்ணெய் தாங்கிக்கும். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல வந்த ஹைட்ராமேட்டிக் காலத்துல இருந்து பல வருசம் கம்ப்யூட்டரே இல்லாம எண்ணெய் அழுத்தத்தை வெச்சே கியர் மாத்தினாங்கன்னா பாத்துக்கோங்க.

நம்ம ஊர்ல 2014-ல செலேரியோவோட பரவின ஏஎம்டி வேற ஜாதி. அது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கவும் கியர் தள்ளவும் ஒரு இயந்திரக் கை. சுருக்கமா, எங்கப்பாவைச் சின்னதாக்கி பானட்டுக்குள்ள உக்கார வெச்ச மாதிரி. வோல்க்ஸ்வாகன் 2003-ல கோல்ஃப் ஆர்32-ல கொண்டு வந்த இரட்டை கிளட்ச் முறையில, அடுத்த கியர் முன்கூட்டியே போட்டுத் தயாரா இருக்கும், கை மாத்தற வேலை மட்டும்தான். கிளட்ச் மிதிக்கற ஆளுக்கே இந்தத் தட்டை வண்டி போட்டுக் குடுக்கற வசதி நிசான் 370இசட்ல 2009 மாடல்ல வந்துச்சு. அதாவது அப்பா 2007-ல தொப்பூர்ல போட்ட தட்டை ரெண்டு வருசம் கழிச்சு ஸ்போர்ட்ஸ் கார்ல புது வசதின்னு வித்திருக்காங்க. அப்பாகிட்ட சொன்னேன். "எனக்கு என்ன குடுப்பாங்களாம்?"னு கேட்டார்.

இவ்வளவு வித்தை தெரிஞ்ச வண்டி என்னை ஏன் கைவிட்டுச்சு? கைவிடல. அதுக்குத் தெரிஞ்சது என் கால், சக்கரத்தோட வேகம், இஞ்சினோட வேகம். முன்னாடி இன்னும் நாப்பது வளைவு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கால் எடுத்தும் வேகம் ஏறுதேன்னு பார்த்து இறக்கத்தை ஊகிச்சு, தானே கீழ் கியரைப் புடிச்சுக்கற நிரல் சில வண்டிகள்ல இருக்கு. என் பழைய வண்டியில இல்லை. இருந்தாலும் அது பார்க்கறது நடந்து முடிஞ்சதை. அப்பா தொப்பூர்ல இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரை இறக்கினார். கால் செய்யற வேலையை வண்டி எடுத்துக்கிச்சு. கண்ணு செய்யற வேலை இன்னும் நம்மகிட்டதான் இருக்கு.

இன்னொரு கணக்கு, இதை மட்டும் தாண்டாதீங்க. ஆளோட சேர்த்து வண்டி 1400 கிலோ. இறங்கின உயரம் சுமார் 1000 மீட்டர். நிறை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 1 கோடியே 37 லட்சம் ஜூல். முப்பது டிகிரியில இருக்கற 46 லிட்டர் தண்ணியை, அதாவது மூணு குடம் தண்ணியை, கொதிநிலைக்குக் கொண்டு போற சூடு. டயரும் காத்தும் இதுல கொஞ்சத்தைத் தின்னுடும். மீதி எங்கயாவது போயாகணும். இஞ்சின்கிட்ட குடுத்தா அது காத்தை உறிஞ்சித் தள்ளற வேலையில கரைச்சிடும், ரேடியேட்டர் இருக்கு. குடுக்கலைன்னா, உள்ளங்கை அகல பிரேக் பேட்தான் தாங்கணும்.

பெடல் பஞ்சானதுக்குக் காரணம் பிரேக் ஆயில். அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி வேணும். ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 140-ன்னுதான் தரநிர்ணயமே சொல்லுது. கொதிச்சா ஆவிக் குமிழி. குமிழியை அமுக்கலாம், அமுக்கினா பிரேக் புடிக்காது. என் வண்டியில பழைய ஓனர் எப்போ ஆயில் மாத்தினாரோ அந்த அறப்பளீஸ்வரருக்கே வெளிச்சம்.

மலைக்குப் போறவங்களுக்கு, நான் பல்பு வாங்கிக் கத்துக்கிட்டது:

1. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எம், எல், 2, எஸ் எது இருக்கோ அதுக்கு மாறிடுங்க. உங்க வண்டியில அது எங்க இருக்குன்னு வீட்டு வாசல்லயே பழகிக்கோங்க.

2. முதல்ல பிரேக் போட்டு வேகத்தைக் குறைங்க, அப்புறம் கியரை இறக்குங்க. வேகம் ஜாஸ்தியா இருந்தா வண்டி மறுத்துடும், இஞ்சினைக் காப்பாத்தத்தான் அந்த "டிங்". மேனுவல்ல அந்தக் காவல் கிடையாது.

3. இஞ்சின் 3000, 4000-ல கத்தினா பயப்படாதீங்க. சிவப்புக் கோட்டுக்குக் கீழ இருக்கற வரைக்கும் அது அதோட வேலையைப் பார்க்குது. கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா, இஞ்செக்‌ஷன் வண்டிகள்ல பெட்ரோலே நின்னுடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுத்துது. நியூட்ரல்ல விட்டாத்தான் இஞ்சின் அணையாம இருக்க பெட்ரோல் குடிக்கும். மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல விடறது ரெண்டு வகையில நட்டம்.

4. பிரேக்கை ஒரேயடியா தேய்ச்சுக்கிட்டே வராதீங்க. அழுத்தி அடிங்க, விடுங்க, ஆற விடுங்க. வாடை வந்தா உடனே ஓரங்கட்டுங்க. தண்ணி ஊத்தாதீங்க.

5. பிரேக் ஆயிலை ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கினா முதல் வேலையே அதுதான்.

6. மின்சார வண்டிக்காரங்களுக்கு: உங்களுக்குக் கியரே வேண்டாம், மோட்டாரே புடிச்சு நிறுத்தி பேட்டரியை நிரப்பும். ஆனா மலை உச்சியில முழுசா சார்ஜ் பண்ணிட்டு இறங்கினா நிரப்ப இடம் இருக்காது, அந்தப் பிடிமானமும் குறைஞ்சிடும்.

7. பக்கத்து சீட்ல ஓட்டத் தெரிஞ்சவர் இருந்தா கேளுங்க. அவர் ஓட்டின வண்டி வேறயா இருக்கலாம், மலை அதேதான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ சாவியை அப்பா கையில குடுத்தேன். முதல் பத்து நிமிசம் இடது கால் கிளட்ச்சைத் தேடி அகலமான பிரேக் பெடலை மிதிச்சு, அம்மா முன் சீட்ல முட்டிக்கப் பார்த்தாங்க. அப்புறம் இடது காலை மடிச்சு சீட்டுக்குக் கீழ ஒளிச்சு வெச்சுக்கிட்டார். ராசிபுரம் வரைக்கும் போயிட்டு வந்தோம். வழி பூரா தேவையே இல்லாம எம்-ல போட்டு, கழித்தலைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு உறுமலுக்கும் தலையாட்டிக்கிட்டே வந்தார். ஒரு எடத்துல மட்டும், "இவன் கொஞ்சம் லேட்டா மிதிக்கறான்"னு குறை சொன்னார்.

அடுத்த மாசம் மறுபடி கொல்லிமலை போறோம். இறக்கத்துல ஓட்டப்போறது அவர்.

பி.கு: மலை இறக்கத்துல உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருந்தா சொல்லுங்க மக்களே. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும். எல்லாத்துக்கும் அவர் சொல்லப்போற பதில் என்னன்னு எனக்கு இப்பவே தெரியும் :-)